கட்டத்துக்குக் கீழே ஒரு வரி

நான் தமிழ் படித்தவள், தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அட்டவணைகளோடு எனக்குப் பெரிய உறவு இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலைபார்த்த கல்லூரியில் பொருளியல் துறையினர் திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து நெசவாளர் தெருக்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். கேள்வித்தாளைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் மாணவிகளுடன் தெருவுக்கும் போனேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். மாணவி கேட்டாள்: "நீங்க என்ன வேலைங்கம்மா செய்யறீங்க?" அவர் கையை நிறுத்தவில்லை. "வேலைங்களா? நான் சும்மாத்தானுங்க கண்ணு இருக்கறேன். அவருதான் தறி ஓட்டறாரு."

மாணவி என்னைப் பார்த்தாள். படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. நெசவாளர், துணைத் தொழிலாளர், இல்லத்தரசி, பதில் இல்லை. அவள் மூன்றாவதில் குறி போட்டாள். சொன்ன பதிலுக்கு அதுதான் பொருத்தம். எங்கள் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்த ராட்டைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்தத் தெரு முழுக்க இதே பதில்தான் வந்தது. சில பெண்கள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் 'பதில் இல்லை' ஆனார்கள். தரவுகளை எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஏற்றியபோது அதன் அட்டவணையில் சதவீதத்துக்கு இரண்டு நிரல்கள் வந்து நின்றன. ஒன்று வெறும் சதவீதம், மற்றொன்று 'செல்லத்தக்க' சதவீதம். இரண்டாவதில், பதில் இல்லாதவர்களைத் தள்ளிவிட்டு மீதிப் பேரை நூறாக வைத்துக் கணக்குப் போடுகிறது மென்பொருள். அறிக்கைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் எடுத்து எழுதுகிறார்கள். சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்த பெண்கள் அப்படியே நூறுக்கு வெளியே போனார்கள்.

அட்டவணையைத் திருத்த என்னால் முடியாது. அதனால் பொருளியல் தோழியிடம் கேட்டு, 'இல்லத்தரசி' என்ற தலைப்பின் மேல் சிறிய எழுத்தொன்றை ஏற்றி, கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். "இப்பெண்களில் பலர் கேள்விக்குப் பதில் சொன்னபோது தார் சுற்றிக்கொண்டும் பாவு பிணைத்துக்கொண்டும் இருந்தனர்." அவ்வளவுதான்.

அச்சாகி வந்த அறிக்கையில் அந்த வரி இல்லை. அட்டவணையை வேறொரு கோப்பில் வெட்டி ஒட்டியபோது கட்டம் மட்டும் போயிற்று, கீழ்வரி விழுந்துவிட்டது என்றார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. தலைப்பின் மேல் நான் ஏற்றிய எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அது எதைச் சுட்டுகிறது என்று படிப்பவர்கள் யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அட்டவணைகளை மேலேயும் கீழேயும் மட்டும் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. நடுவில் இருக்கும் எண்களை எல்லோரும் படிக்கிறார்கள். எண்ணுக்குப் பெயர் வைப்பது மேலே இருக்கும் தலைப்பு. அந்தப் பெயர் போதாது என்று ஒப்புக்கொள்வது கீழே இருக்கும் குறிப்பு.

*

அடிக்குறிப்பு என்பது தமிழ் படித்தவர்களுக்கு அந்நியமான பொருள் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த காலத்திலிருந்து, பாடம் மேலே, பிரதிபேதம் கீழே என்ற ஒழுங்குக்கு நம் கண் பழகியிருக்கிறது. ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். எடுத்துக்கொண்டது மேலே போகும். விட்டதையும் தூக்கி எறியாமல் கீழே வைப்பார்கள்.

அதற்கும் முந்தைய வழக்கம் ஒன்று உண்டு. புறநானூற்றுப் பாடல்களின் முடிவில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று சிறு குறிப்புகள் இருக்கும். பாட்டுக்குள் பெரும்பாலும் புலவரின் பெயர் வராது. ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று நாம் இன்று வரிசையாகச் சொல்லும் பெண்பாற் புலவர்கள் இந்த மாதிரிக் குறிப்புகள் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தார்கள். தொகுத்தவர் யாரோ, பாட்டின் அடியில் ஒரு வரி எழுதி வைத்தார். அந்த வரி உதிர்ந்துபோன பாடல்களும் இருக்கின்றன. அவற்றைப் பாடியவர் ஆணா பெண்ணா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஔவை பாடிய அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அது 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. இதே நிலத்தின் பெண்களைப் பற்றி ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அட்டவணைகள் என்ன சொல்கின்றன என்பதற்கு அங்கிருந்து நகர்வேன்.

*

இந்தியாவின் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தொழில்களை ஆறு பெரும் வகுப்புகளாகப் பிரித்தது. கல்வியும் அரசுப் பணியும் சார்ந்தவர்கள், வீட்டுப் பணியாளர்கள், வணிகர்கள், உழவர்கள், கைத்தொழிலாளர்கள் என்று ஐந்து. ஆறாவதற்கு 'வரையறையற்ற, உற்பத்தி சாராத' வகுப்பு என்று பெயர். இந்த வகைப்பாடு இங்கிலாந்தில் தயாராகி வந்தது. அங்கேயும் அதே 1881இல், வீட்டுவேலை செய்யும் மனைவியரைத் 'தொழிலற்றோர்' பக்கம் தள்ளினார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் அவர்களுக்கு வகைப்பாட்டுக்குள் ஓர் இடம் இருந்தது. உற்பத்தி சாராத இல்லத்தரசி என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் எப்படி உருவாக்கப்பட்டது என்று அமெரிக்கப் பெண்ணியப் பொருளியலாளர் நான்சி ஃபோல்பர் 1991இல் ஒரு கட்டுரையில் காட்டியிருக்கிறார். வேலை மாறவில்லை. மேலே இருந்த தலைப்பை மாற்றினார்கள்.

நம் ஊரில் 1881இன் எண்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19.6 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். இரண்டு நிரல்களை அடுத்தடுத்து வைத்தால் ஒரு கழித்தல் கணக்குதான் தெரியும். நடுவே 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் இருந்தது என்பதைக் கீழ்வரிதான் சொல்ல வேண்டும். செத்தவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் கட்டம் பிரித்துக் காட்டாது.

விடுதலைக்குப் பின்னும் தலைப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. 1961இல் சிறிதளவு வேலை செய்தவரும் தொழிலாளி எனப்பட்டார். 1971இல் 'உங்கள் முதன்மையான செயல் எது' என்று கேட்டார்கள். வயலுக்கும் தறிக்கும் அடுப்புக்கும் இடையில் ஓடும் பெண்ணின் முதன்மையான செயல் எதுவென்று கேட்டால், வீட்டு ஆண் 'வீட்டு வேலை' என்பார். அவளும் அதையே சொல்வாள். நாட்டில் உழைக்கும் பெண்களின் விகிதம் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. கோடிக்கணக்கான பெண்கள் ஒரே சமயத்தில் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடவில்லை. கேள்வியின் சொற்கள்தான் மாறியிருந்தன. 1981இல் முதன்மைத் தொழிலாளர், குறுகிய காலத் தொழிலாளர் என்று பிரித்து, ஆண்டில் 183 நாள்களை எல்லையாக வைத்தார்கள். உலை கொதிக்கும்போது அரைமணி, பிள்ளை தூங்கும்போது ஒரு மணி என்று தார் சுற்றும் பெண் 183 நாள்களை எப்படிக் கணக்குச் சொல்வாள்?

என் பொருளியல் தோழி சாஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளையும் பயன்படுத்துவார். அதில் அட்டவணைகளுக்குத் தலைப்பும் அடிக்குறிப்பும் எழுதத் தனிக் கட்டளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்து வரிகள் வரை எழுதலாம். புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றை அவர் சொன்னார். ஒருமுறை எழுதிய தலைப்பை மாற்றவோ அழிக்கவோ கட்டளை கொடுக்காவிட்டால், அது அடுத்தடுத்த அட்டவணைகளிலும் அப்படியே வந்துகொண்டிருக்கும். எண்கள் புதியவை, தலைப்பு மட்டும் பழையது. அவர் மென்பொருளைப் பற்றித்தான் சொன்னார். 1881இல் எழுதிய ஆறாவது வகுப்பு எத்தனை அட்டவணைகளின் மேல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

*

எங்கள் பக்கத்து அட்டவணைகளில் மிகக் கொடியது வேறொன்று.

1991 கணக்கெடுப்பில் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளில், ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற நிரலில், சேலம் மாவட்டத்துக்கு நேரே 849 என்று இருந்தது. மாநிலச் சராசரி அப்போது 948. பெண்சிசுக் கொலை பற்றி 1986இலேயே உசிலம்பட்டியை முன்வைத்து இந்தியா டுடே எழுதியிருந்தது. அப்போது ஒரு பகுதியின், ஒரு சாதியின் வழக்கம் என்று ஒதுக்கி வைத்துப் பேசினார்கள். 849 என்ற எண் வந்தபிறகு அப்படி ஒதுக்க முடியவில்லை. 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது.

எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தலைப்புதான் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஆயிரம் ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்கிறோம். உலக அளவிலான பல அட்டவணைகளில் நூறு பெண்களுக்கு இத்தனை ஆண்கள் என்பார்கள். இங்கே எண் குறைந்தால் பெண்கள் குறைவு, அங்கே எண் கூடினால் பெண்கள் குறைவு. தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

அடுத்த கணக்கெடுப்பில், 2001இல், சேலத்துக்கு நேரே 851. இரண்டையும் ஒரே நிரையில் எழுதினால் பத்தாண்டில் இரண்டு கூடியது என்று தோன்றும். மேடையில் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. 1991இன் சேலத்தில் ராசிபுரமும் திருச்செங்கோடும் பரமத்திவேலூரும் இருந்தன. 2001இன் சேலத்தில் அவை இல்லை. பெயர் ஒன்று, நிலம் வேறு. கீழ்வரியில் அந்தத் தேதி இல்லாமல் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடக் கூடாது. 2001இல் மாநிலத்தில் மிகக் குறைந்த எண்கள் கொண்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. ஔவையின் தகடூர்தான்.

இதைவிட எனக்கு நெஞ்சில் தைத்தது ஒரு நிரலின் பெயர். தொண்ணூறுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவுகளில் குழந்தை இறப்புக்குக் காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டன. குறைமாதப் பிறப்பு, மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு. அவற்றோடு 'சமூகக் காரணங்கள்' என்று ஒன்று. பிறந்த சில நாள்களில் இறந்துபோன பெண்குழந்தைகள் பலர் அந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டார்கள். ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் இந்தச் சுகாதார நிலையப் பதிவுகளை மாநிலம் முழுவதற்கும் தொகுத்து ஆராய்ந்து, 1997இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பெண்சிசுக்கள் கொல்லப்படுகின்றன என்பது அவர்கள் காட்டிய அளவு. சேலமும் தருமபுரியும் அந்தக் கணக்கின் நடுவில் இருந்தன.

'சமூகக் காரணங்கள்' என்ற பெயரைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். முதலில் கோபம் வந்தது. கொலை என்று எழுதக் கை கூசிய அதிகாரிகளின் மழுப்பல் என்று நினைத்தேன். பிறகு கிராமச் சுகாதாரச் செவிலியரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அதே ஊரில், அதே தெருவில் நாளைக்கும் அவர் நடக்க வேண்டும். கொலை என்று எழுதினால் காவல்துறை வரும். வந்தால் பிரசவித்துப் பத்து நாள் ஆன பச்சை உடம்புக்காரியைத்தான் முதலில் கூட்டிப்போகும். வரதட்சணை கேட்ட குடும்பமும், நிலம் துண்டாகக் கூடாதென்று கணக்குப் போட்ட பெரியவர்களும், மூன்றாவதும் பெண்ணா என்று கேட்டுவிட்டுப் போன கணவனும் எந்தப் படிவத்திலும் வரமாட்டார்கள். இயற்கை மரணம் என்று எழுதினால் அந்தக் குழந்தை இருந்ததற்கும் கொல்லப்பட்டதற்கும் தடயமே இராது. இரண்டுக்கும் நடுவில் அந்த இரண்டு சொற்கள் கிடைத்தன. அவை மழுப்பல்தான். ஆனால் அந்த மழுப்பல் இருந்ததால்தான் மூவாயிரம் என்று பின்னால் எண்ண முடிந்தது. மரணத்துக்குத் தாய் மட்டும் காரணமில்லை என்ற உண்மையும், எழுதியவர்கள் நினைத்தோ நினைக்காமலோ, அந்தத் தலைப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த நிரலின் எண்கள் பின்னர் குறைந்தன. 2011இல் சேலத்தின் எண் 900ஐத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் ஸ்கேன் மையங்கள் ஊருக்கு ஊர் வந்தன. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. பிறக்காத பெண்ணுக்கு இறப்புப் பதிவேட்டில் நிரல் கிடையாது. அதனால் ஓர் அட்டவணையில் எண் குறைவதை மட்டும் பார்த்து நான் நிம்மதி அடைவதில்லை.

*

தலைப்புகளை மாற்றப் பெண்கள் போராடித்தான் வந்திருக்கிறார்கள். எழுபதுகளில் தேவகி ஜெயினும் அவருடைய தோழர்களும் ராஜஸ்தான், மேற்கு வங்க கிராமங்களில் பெண்கள் ஒரு நாளின் மணிகளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அருகில் இருந்து பார்த்து எழுதினார்கள். வேலை செய்யாதவர்கள் என்று கணக்கெடுப்பு சொன்ன பெண்கள் மாட்டுக்கும் வயலுக்கும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய அழுத்தங்களுக்குப் பிறகு 1991 கணக்கெடுப்பின் கேள்வியில், குடும்ப நிலத்திலும் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேரும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தார்கள்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009இல், விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசியின் குடும்பத்துக்கான இழப்பீட்டு வழக்கில், வீட்டுழைப்பின் மதிப்பை விரிவாகப் பேசினார். 2010இல் உச்சநீதிமன்றமும் அருண்குமார் அகர்வால் வழக்கில் அதைத் தொட்டது. 2001 கணக்கெடுப்பு ஏறத்தாழ 36 கோடிப் பெண்களை வேலை செய்யாதவர்கள் என்று வகைப்படுத்தி, பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைவாசிகளோடு ஒரே பிரிவில் சேர்த்ததை நீதிபதி கங்குலி கண்டித்தார். பிச்சையெடுப்பவரோடும் பாலியல் தொழிலாளியோடும் சேர்த்ததுதான் அவமானம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் உழைப்பும் பாடும்கூட அந்தத் தலைப்பின் கீழ்தான் காணாமல் போகின்றன.

தேசிய மாதிரி ஆய்வில் இன்றும் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. முதலாவது வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு. இரண்டாவது வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது ஆகியவற்றையும் செய்பவருக்கு. இத்தனை வேலைகளையும் பெயர் சொல்லி எழுதிவிட்டு, அவள் உழைப்பாளர் படையில் இல்லை என்று முடிக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள், ஈடுபடுவோர் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் 26.1 சதவீதம், 97 நிமிடம். கைத்தறிக் கணக்கெடுப்பில் 'துணைத் தொழிலாளர்' என்ற நிரல் இருக்கிறது. 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 8.48 லட்சம் பேர் அதில் வருகிறார்கள். மொத்தத்தில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். தார் இல்லாமல் நாடா ஓடாது, பாவு பிணைக்காமல் தறி அசையாது. எது துணை, எது முதன்மை?

*

இந்தத் தலைப்புகளைப் பற்றிக் குற்றம் சொல்லும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு தறி இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புத்தகம் அப்பா பெயரில். அப்பா தறியில் இருப்பார். அம்மா விடியலில் தார் சுற்றுவார், பாவு ஓட்டும் நாளில் தெருவில் நிற்பார், அப்பாவுக்கு முடியாத நாளில் குழிக்குள் இறங்கி நெய்வார். பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். முனைவர் பட்டப் பதிவுக்கு எழுதியபோது கொஞ்சம் நாகரிகமாக 'இல்லத்தரசி' என்று எழுதினேன். இரண்டும் என் கையெழுத்து.

அம்மா இறந்தபோது இறப்பைப் பதிவுசெய்ய நான்தான் போனேன். அந்தப் படிவத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று சட்டப் பகுதி, பதிவாளரிடம் இருக்கும். மற்றது புள்ளிவிவரப் பகுதி, கிழித்துக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதில் இறந்தவரின் தொழில் கேட்கப்படுகிறது. தொழில் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதவும் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. நான் 'கைத்தறி நெசவு' என்று எழுதினேன்.

வாங்கிப் பார்த்தவர் கேட்டார்: "உங்கப்பா தொழில எழுதிட்டீங்களா மேடம்? இது அம்மாவுக்குங்க."

"அம்மாவுக்குத்தாங்க எழுதியிருக்கறேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேலே முத்திரை குத்தி அந்தப் பகுதியைத் தனியாகக் கிழித்து வைத்துக்கொண்டார். கைக்கு வந்த சான்றிதழில் தொழில் வராது. பெயரும் தேதியும் ஊரும்தான் இருக்கும். கிழித்த பகுதி எங்கேயோ போய், ஏதோ ஓர் அட்டவணையில், ஏதோ ஒரு நிரலில் ஒன்றாகக் கூடியிருக்கும். அந்த ஒன்று அம்மாவுடையது என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.